வயிற்றில் பிள்ளை, தலையில் பாரம்: கர்ப்பகால மன அழுத்தம் பிள்ளையை எப்படிப் பாதிக்கும், நாம் என்ன செய்யலாம்?

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வீடு வெள்ளவத்தையில், நான்காம் மாடி. கிளினிக் முடிந்து வந்தால் லிஃப்ட் நின்றிருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று காவலாளி கையை விரிப்பார். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறுகையால் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கினால் இரண்டாம் மாடித் திருப்பத்தோடு மூச்சு முட்டும், அந்தச் சீமெந்துப் படியிலேயே இருந்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் இருந்தேன். மடியில் கர்ப்பிணிப் பதிவு அட்டை, அதன் ஓரம் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. வீட்டில் காஸ் முடிந்து மூன்று நாள், கணவர் பெட்ரோல் வரிசையில். இரண்டாம் மாடி மாமி கதவைத் திறந்து பார்த்தார், தண்ணீர் கொண்டுவந்து தந்தார், பிறகு என் தலையைத் தடவி, "ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ பிள்ளை, நீங்கள் யோசிச்சால் வயித்துப் பிள்ளைக்குத்தான் கூடாது" என்றார்.

அன்பாகச் சொன்ன சொல்தான். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. காஸைப் பற்றிய யோசனை போய், இவ்வளவு நாளும் நான் யோசித்ததால் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற யோசனை பிடித்துக்கொண்டது. நான் வைத்தியர் இல்லை. ஆனால் அன்று தொடங்கி இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், வைத்தியர்களிடமும் மிட்வைஃப் மிஸ்ஸிடமும் வெட்கப்படாமல் கேட்டேன். எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நீங்கள் கர்ப்பிணியாக இருந்தாலும் சரி, கர்ப்பிணியின் கணவராக, அம்மாவாக, மாமியாராக இருந்தாலும் சரி, முழுதாக வாசியுங்கள்.

முதலாவது: எந்த அழுத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம், அதில்தான் குழப்பம் தொடங்குகிறது. காலி வீதியில் பஸ் நகராமல் கிளினிக்குக்குப் பிந்திப் போவது, ஒஃபிஸில் மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்திருப்பது, மாமியாரோடு ஒரு வாய்ச்சண்டை, ஸ்கேன் அறைக்கு வெளியே நெஞ்சு படபடக்க இருப்பது எல்லாம் வந்துபோகிற அழுத்தம். இது பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜெனட் டிபியெட்ரோ 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான கர்ப்பிணிகளில் மிதமான மனக்கலக்கம் இருந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு வயதில் பின்தங்கவில்லை, அசைவிலும் அறிவு வளர்ச்சியிலும் சற்று முன்னுக்கே நின்றார்கள். 94 தாய்மாரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது, அதனால் அழுத்தம் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருநாள் அழுததற்காக ஒரு மாதம் குற்ற உணர்வில் கிடக்கத் தேவையில்லை என்பதற்கு அது போதும்.

இரண்டாவது வகை, மாதக்கணக்கில் இறங்காத பாரம். கடன், வேலையிழப்பு, வெளிநாட்டில் இருக்கும் கணவர், வீட்டுக்குள் அடி உதை, நெருங்கியவரின் சாவு, வெள்ளம், இடம்பெயர்வு. மூன்றாவது, நோயாகவே மாறிவிட்ட நிலை: மனச்சோர்வு, பதகளிப்பு (ஓயாத பயமும் படபடப்பும்), போரிலோ சுனாமியிலோ பட்டது கனவில் திரும்பத் திரும்ப வருவது. ஆய்வுகள் எச்சரிக்கிறது இந்த இரண்டையும் பற்றித்தான். வழிகாட்டியின் மிச்சமும் இவற்றுக்காகத்தான்.

இரண்டாவது: அது பிள்ளையிடம் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாயின் நரம்புக்கும் பிள்ளையின் நரம்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீங்கள் நினைக்கும் நினைவு பிள்ளைக்குப் போகாது. போவது இரத்தத்தின் வழியே, நச்சுக்கொடியைத் தாண்டி. பாடசாலையில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அதுதான்.

நாம் அழுத்தத்தில் இருக்கும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. கோர்ட்டிசோல் கெட்ட பொருள் இல்லை. கர்ப்பத்தில் அது இயல்பாகவே கூடும், கடைசி மாதங்களில் சாதாரண அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கே அது வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பிள்ளையிடம் போகாமல் பார்த்துக்கொள்ள நச்சுக்கொடியில் ஒரு நொதியம் இருக்கிறது. தாயிடமிருந்து வரும் கோர்ட்டிசோலில் பெரும்பகுதியை அது வேலை செய்யாத கோர்ட்டிசோனாக மாற்றிவிடும். வாசலில் நிற்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதகளிப்பு மிக அதிகமாக இருந்த தாய்மாரில் இந்தக் காவல் தளர்ந்திருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன, அப்படித் தளரும்போது பிள்ளைக்குப் போகும் பங்கு கூடுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பயத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகள் இந்த ஹோர்மோனுக்கு மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும்.

இன்னொரு வழி, நச்சுக்கொடியே சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹோர்மோன். பிரசவம் எப்போது தொடங்க வேண்டும் என்ற கணக்கில் இதற்குப் பங்குண்டு. இது வேளைக்கே கூடினால் 37 வாரத்துக்கு முன் பிறக்கும் சாத்தியம் கூடுகிறது. கருப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் ஓட்டம் குறைவதும், உடலில் அழற்சி கூடுவதும் மற்ற வழிகள்.

இவையெல்லாம் இரத்தத்தில் நடப்பவை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தெரிவது கண்ணுக்குத் தெரியும் வழி. மனம் நொந்தவளுக்குச் சாப்பாடு இறங்காது, நித்திரை வராது, இரும்புச்சத்துக் குளிசை பெட்டியிலேயே கிடக்கும், கர்ப்பிணிக்கென்று கொடுத்த திரிபோஷ சத்துமாப் பையை மூத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள், கிளினிக் நாளை மறப்பாள், வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் எழுந்துபோகவும் தெம்பிருக்காது. பிறப்பு நிறை 2,500 கிராமுக்குக் கீழே போவதற்கு இவையெல்லாம் சேர்ந்தே காரணமாகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், நொதியத்தை நம்மால் பிடித்துத் திருத்த முடியாது, சாப்பாட்டையும் நித்திரையையும் கிளினிக்கையும் திருத்தலாம்.

மூன்றாவது: ஆய்வுகளைப் பயமில்லாமல் வாசியுங்கள்

இணையத்தில் தேடினால் "தாயின் அழுத்தம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும்" என்று தலைப்புகள் வரும். அந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆய்வுகளில் ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்தது. 1991 ஏப்ரலுக்கும் 1992 டிசம்பருக்கும் இடையில் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்த சுமார் 14,000 பெண்களைச் சேர்த்து, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 32ஆம் வாரத்தில் பதகளிப்பு மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளில், நான்கு வயதில் நடத்தைச் சிக்கல், உணர்ச்சிச் சிக்கல், ஒரு இடத்தில் இருக்க முடியாத துருதுருப்பு போன்றவை இரு மடங்களவு காணப்பட்டன.

இரு மடங்கு என்றதும் என் நெஞ்சும் ஒருமுறை நின்றுதான் ஓடியது. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு இருந்த ஒன்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆகிறது. அதாவது மிக அதிகப் பதகளிப்பு இருந்த தாய்மாருக்குப் பிறந்தவர்களிலும் நூற்றில் எண்பத்தைந்துக்கு மேல் அந்தச் சிக்கல் இல்லாமலே வளர்ந்தார்கள். இந்தக் கணக்கை எந்தத் தலைப்பும் சொல்லாது.

எனக்கு நெருக்கமாகப் பட்ட ஆய்வு வேறு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து முப்பது இலட்சம் பேரளவில் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள், சிலருக்கு நாற்பது நாள் வரை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் சூசன் கிங் என்பவரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்தது. இருட்டையும் குளிரையும் அதிகம் அனுபவித்த தாய்மாரின் பிள்ளைகள் இரண்டு வயதில் சொற்கள் பேசுவதிலும் விளங்கிக்கொள்வதிலும் சராசரியாகச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். வாசித்தபோது நான் அந்தப் படிக்கட்டை நினைத்தேன். பிறகு இன்னொன்றும் விளங்கியது: அந்தத் தாய்மார் பட்டது அவர்களின் மனப்பலவீனத்தால் இல்லை, மின்சாரம் இல்லாததால். காஸுக்கு வரிசையில் நிற்க வைத்துவிட்டு "யோசிக்காதே" என்றால் எப்படி? யோசனை நின்றது புத்திமதியால் இல்லை, கீழ்வீட்டு மாமி தன் மண்ணெண்ணெய் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்த நாளில்தான்.

காலம் பற்றி ஒரு சொல். மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், போலிக் அமிலக் குளிசையை முன்கூட்டியே போடச் சொல்வது இதற்காகத்தான். நடுமாதங்களில் நரம்புக்கலங்கள் பெருகி இடம் சேர்கின்றன, கடைசி மூன்று மாதத்தில் மூளை வேகமாக நிறை கூடுகிறது. எந்த மாதத்து அழுத்தம் எதைப் பாதிக்கும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, ஆகவே "இந்த மாதம் தவறிவிட்டது, இனிச் செய்து பயனில்லை" என்று எந்த மாதத்திலும் நினைக்க வேண்டாம்.

நான்காவது: மனம் என்று முடிவு கட்டுமுன் உடம்பைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் விட்டதால் நானே ஐந்து வாரம் வீணாக்கினேன். எப்போதும் களைப்பு, எரிச்சல், அழுகை. எல்லாம் நாட்டு நிலைமையால் என்று நினைத்தேன். இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை. குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீயும் குடித்துக்கொண்டு! தேயிலையில் உள்ள பொருள் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. தேத்தண்ணீரைக் குளிசைக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளி வைத்து, குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கத் தொடங்கிய பிறகு மெதுவாகத் தெம்பு வந்தது, அதோடு மனமும் கொஞ்சம் வெளித்தது. தைரொயிட் குறைந்தாலும் கூடினாலும் இதே மாதிரி இருக்கும். அடுத்த கிளினிக்கில் இரண்டையும் கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று நோ, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவற்றை "யோசனையால் வந்த தலையிடி" என்று படுத்துக்கிடக்கக்கூடாது, அது கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமாக இருக்கலாம். பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைந்தாலும், இரத்தம் பட்டாலும், நீர் உடைந்தாலும் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஐந்தாவது: பாரத்தைக் காகிதத்தில் இறக்குங்கள்

ஒரு கொப்பித்தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் உங்களை நித்திரை கொள்ள விடாதவை எல்லாம், சின்னது பெரியது பார்க்காமல். வலது பக்கம் அந்தப் பாரத்தை உங்களிடமிருந்து யார் வாங்கலாம் என்று ஒரு பெயர். என் தாளில் இருந்தவை: காஸ், கிளினிக் போக ஓட்டோக் காசு, யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சீனி வருத்தம், ஒஃபிஸில் என் கொன்ட்ரக்ட் நீட்டுவார்களா, பிரசவத்துக்கு யார் வந்து நிற்பது, ஸ்கேனில் வைத்தியர் பனிக்குட நீரைப் பார்த்து "தண்ணீர் கொஞ்சம் குறைவு" என்றது. ஆறாவதுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது: அடுத்த ஸ்கேனில் அளவு சரியாகிவிட்டதா, என்ன எண்ணுக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும் என்று கேட்டேன், பதில் வந்தது, அந்தப் பாரம் போனது. இரண்டு வாரம் அதை நெஞ்சில் சுமந்திருந்தேன். அம்மாவைப் பார்க்கத் தம்பி ஒப்புக்கொண்டான். கொன்ட்ரக்ட்டுக்குப் பெயர் எழுத ஆள் இல்லை, வெறுமையாக விட்டேன். அப்படி வெறுமையாக நிற்பவற்றைத்தான் அடுத்த படியில் வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஆறாவது: மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், எப்படிச் சொல்வது என்றும் பார்ப்போம்

நம் நாட்டில் கர்ப்பிணியை வீடு தேடி வந்து பதியும் ஒரு முறை இருக்கிறது, பல நாடுகளில் இது கிடையாது. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? நிறை, பிரசர், சீனி, பிள்ளையின் துடிப்பு எல்லாம் சொல்வோம், மனம் எப்படி என்றால் "பரவாயில்லை மிஸ்" என்போம். கொழும்பில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. மிஸ் சிங்களத்தில் கேட்பார், எங்களுக்கு நெஞ்சில் இருப்பதைச் சொல்ல அந்த மொழி போதாது. மார்க்கெட்டில் மீன் வாங்கும் சிங்களத்தில் மனவேதனையைச் சொல்ல முடியாதுதானே. எனக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. நான் திணறியதைப் பார்த்து, எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கோபப்பட்டேன், அழுதேன், அடுத்த முறை தயாராகப் போனேன்.

செய்ய வேண்டியது இதுதான். போகுமுன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கிழமையாக, என்ன செய்ய முடியாமல் இருக்கிறது, எதற்குப் பயம். "இரண்டு கிழமையாக இரவு மூன்று மணிக்கு முழித்தால் திரும்ப நித்திரை இல்லை, சமைக்கவும் மனமில்லை, பிள்ளை செத்துப் பிறக்குமோ என்று ஓயாமல் தோன்றுகிறது." இப்படிச் சொன்னால் யாரும் "பரவாயில்லை" என்று எழுத முடியாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் யாரும் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் சிங்களம் நன்றாகத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒருவர் உங்கள் கணவராகவோ மாமியாராகவோ இருக்கத்தான் வேண்டும் என்று இல்லை, சில விஷயங்களை அவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாது.

மனச்சோர்வை அளக்க 'எடின்பரோ' அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் இருக்கின்றன. 1987இல் பிள்ளை பெற்ற தாய்மாருக்காக உருவாக்கியது, கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொன்னீர்களா என்ற மாதிரிக் கேள்விகள், மொத்தம் 30 புள்ளி. "எனக்கு அந்தப் பத்துக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பீர்களா" என்று நீங்களே கேட்கலாம். பத்தாவது கேள்வி தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்றால் மற்ற ஒன்பதின் புள்ளி என்னவாக இருந்தாலும் அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் எடுக்கலாம். எடுத்ததும் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏழாவது: நாளொன்றுக்கு உடம்புக்குக் கொடுக்க வேண்டியவை

நித்திரைதான் முதல். 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுங்கள், முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. இரவில் முழிப்பு வந்தால் போனை எடுக்காதீர்கள், செய்தி பார்க்கத் தொடங்கினால் விடிந்துவிடும். நான் போனை குசினி மேசையில் வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கிய பிறகு ஒரு மணித்தியாலமாவது கூடுதலாக நித்திரை கிடைத்தது.

மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு இறங்கும். பஸ்ஸிலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

நடை. வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லாவிட்டால் கிழமைக்கு 150 நிமிடம் நடக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெயில் தாழ்ந்த பிறகு வெள்ளவத்தைக் கடற்கரையோரம், காலிமுகத்திடல், சுதந்திரச் சதுக்கம், எது கிட்டவோ அங்கே. தனியாகப் போகாமல் இன்னொரு பெண்ணோடு போங்கள், நடை பாதி, கதைத்துக்கொண்டு போவது பாதி. கோப்பி, தேத்தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மூன்று கோப்பைக்குள் வையுங்கள்.

பிள்ளையோடு கதையுங்கள். ஐந்தாறு மாதத்திலிருந்து பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கும், பிறந்த சில நாளிலேயே மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை நாடும் என்று 1980இலேயே காட்டியிருக்கிறார்கள். தேவாரமோ திருப்பலிப் பாட்டோ நஷீதோ, உங்களுக்கு மனம் ஆறுகிறது எதுவோ அதைச் சத்தமாகப் பாடுங்கள்.

எட்டாவது: வேலைக்குப் போகிறவர்கள்

பிரசவ விடுமுறை பற்றிய கவலை எத்தனை பேரை வாட்டுகிறது என்று எனக்குத் தெரியும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் 84 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் சட்டம் இடம் கொடுக்காது. எதையும் வாயால் பேசி முடிக்காமல் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். காலை ஏழரை பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைத் தவிர்க்க ஒரு மணித்தியாலம் பிந்தி வர அனுமதி கேட்பது சலுகை கேட்பது இல்லை, கேளுங்கள்.

ஒன்பதாவது: இது வீட்டில் மற்றவர்களுக்கு

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான், ஏனென்றால் கர்ப்பிணிக்குப் புத்தி சொல்ல ஊரே வரும், கிணற்றடிக்கோ குசினிக்கோ அவளுக்குப் பதிலாகப் போக ஆள் வராது.

கணவருக்கு: "யோசிக்காதே" என்பதற்குப் பதிலாக "இன்றைக்கு எதை நான் பார்க்கட்டும்?" என்று கேளுங்கள். கிளினிக் திகதிகள் உங்கள் போனில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு கிளினிக்குக்காவது கூடப் போங்கள். கடனை மறைக்காதீர்கள், மறைத்தது எட்டாம் மாதத்தில் தெரியவரும்போது அடி இரட்டிப்பாக விழும். அவள் அழுதால் உடனே நிறுத்தச் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். வெளிநாட்டில் இருந்தால், காசு அனுப்பியதோடு நிற்காமல் தினமும் ஒரே நேரத்துக்கு அழையுங்கள், அவள் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மாமாருக்கும் மாமியார்மாருக்கும்: ஆணா பெண்ணா என்ற பேச்சு வேண்டாம். யாருக்கோ குறைமாதத்தில் பிறந்த கதை, யாருக்கோ சிசேரியனில் நடந்த கதை வேண்டாம். "நாங்கள் அந்தக் காலத்தில் பங்கருக்குள் பெத்தனாங்கள்" என்பது உண்மைதான், அந்த வேதனையை நான் மதிக்கிறேன், ஆனால் அதை அளவுகோலாக வைத்து இவளை அளக்காதீர்கள். போரில் பிள்ளை பெற்றவர்களுக்கு அன்று யாரும் மனதைக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம். உங்களிடமும் கேட்க வேண்டும்.

அடி உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் மூச்சுப்பயிற்சியும் நடையும் உதவாது, முதலில் பாதுகாப்பு வேண்டும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். கிளினிக்குக்குப் போகும் சாட்டில் அங்கே போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பத்தாவது: நோயாகிவிட்டால் வைத்தியம் செய்யுங்கள்

இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் துக்கம், எதிலும் விருப்பமின்மை, நித்திரையும் பசியும் கெடுவது, பிள்ளை மேல் எந்த உணர்வும் வராமல் இருப்பது, ஓயாத பயம், செத்துவிடலாம் என்ற எண்ணம். இவை மனத்திடம் இல்லாததால் வருவன இல்லை. நாவூறு கழித்துப் பாருங்கள், கோவிலுக்குப் போங்கள், மனம் ஆறினால் நல்லது, ஆனால் அதோடு வைத்தியரையும் பாருங்கள். உங்கள் வி.ஓ.ஜி.யிடம், அதாவது பிரசவ வைத்திய நிபுணரிடம், சொன்னால் மனநல வைத்தியரிடம் அனுப்புவார், அரச ஆஸ்பத்திரியில் காசில்லை.

பேச்சு வைத்தியம் நன்றாகவே உதவும். பாகிஸ்தானில் கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளிவந்தது. வீட்டுக்கு வந்து முறையாகக் கதைத்தவர்களில் பிள்ளைக்கு ஆறு மாதமானபோது மனச்சோர்வு மிஞ்சியிருந்தது நூற்றுக்கு 23 பேருக்கு, வழமையான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 பேருக்கு. அங்கே போய்க் கதைத்தவர்கள் நம் மிட்வைஃப் மிஸ் போன்றவர்கள்தான்.

ஏற்கெனவே மனநோய்க்குக் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில குளிசைகளை மாற்ற வேண்டியிருக்கும், சிலவற்றைத் தொடரலாம், நோய் திரும்பி வருவதும் பிள்ளைக்குப் பாதிப்புத்தான். அந்த முடிவை வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

பதினோராவது: பட்டது பட்டுவிட்டது என்றால்?

"எல்லாம் நடந்து முடிந்துவிட்டது அக்கா, ஒன்பது மாதமும் அழுதேன், இனி என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. லண்டனில் ஒரு ஆய்வு. கர்ப்பத்தில் பனிக்குட நீரில் கோர்ட்டிசோல் எவ்வளவு என்று அளந்து, பிள்ளைக்குப் பதினேழு மாதமானபோது அறிவு வளர்ச்சியைப் பார்த்தார்கள், 2010இல் வெளியிட்டார்கள். தாயோடு பிணைப்பு உறுதியாக இல்லாத பிள்ளைகளில் கோர்ட்டிசோல் கூடக் கூட வளர்ச்சிப் புள்ளி குறைந்தது. தாயோடு உறுதியாகப் பிணைந்திருந்த பிள்ளைகளில் அந்தத் தொடர்பே காணவில்லை. இந்த ஆய்வை வாசித்த இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

பிணைப்பு என்றால் பெரிய வித்தை இல்லை. பிறந்ததும் தோலோடு தோலாக நெஞ்சில் போடுங்கள். அழுதால் தூக்குங்கள், தூக்கிப் பழக்கினால் கெட்டுவிடும் என்பார்கள், சின்னப் பிள்ளை அப்படிக் கெடாது. பால் கொடுக்கும்போது முகத்தைப் பாருங்கள். பிள்ளை "ஊ" என்றால் நீங்களும் "ஊ" என்று பதில் சொல்லி, அது திரும்பச் சொல்லும்வரை காத்திருங்கள். உங்களால் முடியாத நாளில் அப்பாவோ அம்மம்மாவோ செய்யட்டும். பால் கொடுக்க முடியாமல் போனவர்கள் அதற்காகவும் ஒரு குற்ற உணர்வைச் சுமக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு மிஸ் வீட்டுக்கு வருவார். தொப்புளையும் தையலையும் பார்ப்பார், பால் போதுமா என்று கேட்பார். அவர் எழும்புமுன் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சொல்லத் தயங்கினேன், கீழ்வீட்டு மாமிதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நான் பிள்ளையை வைச்சிருக்கிறன், நீங்கள் மிஸ்ஸோட ஆறுதலாக் கதையுங்கோ" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனார்.